சூசை கேட்ட மணி

1

டென்மார்க் அரசாங்கத்தை நான் கவிழ்த்துவிட்டேன் என்ற செய்தி காலைக் கோப்பி நேரத்தில்தான் எனக்குக் கிடைத்தது. ஹேர்னிங்குக்குப் பக்கத்தில் உள்ள சிறு நகரம் ஒன்றில், துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அன்று சாப்பாட்டு அறையில் றேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். பிரதமர் பதவி விலகுகிறார் என்றது றேடியோ. எங்கள் மேற்பார்வையாளர் ஜென்ஸ் கறுப்புப் பாணின் மேல் மீன்துண்டை அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ எங்கள் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டாய்" என்றார்.

"நான் இல்லை ஜென்ஸ். நான் விடியற்காலையிலிருந்து நீலத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறேன்."

"சரி, நீ இல்லை. உன் மனைவி."

அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த விவகாரம் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததோ தெரியாது. அகதியாக ஏற்றுக்கொண்டவனுக்கு மனைவி பிள்ளைகளை அழைக்க உரிமை உண்டு என்று இந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. எண்பத்தேழில், எங்கள் ஊரில் செல்லடியும் ஊரடங்குமாக இருந்த அதே மாதங்களில், நீதி அமைச்சர் தமிழரின் விண்ணப்பங்களை மட்டும் அடியில் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார். மனைவிமார் அங்கே காத்திருந்தார்கள், நாங்கள் இங்கே காத்திருந்தோம். பிறகு பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது விசயத்தை மூடி மறைத்தார்கள். ஒரு நீதிபதி வருடக்கணக்கில் விசாரித்துத் தடித்தடிப் புத்தகங்களாக எழுதிக்கொடுத்தார். அதைப் படித்த கையோடு பிரதமர் வீட்டுக்குப் போகிறார்.

கவனித்துக்கொள்ளுங்கள், அரசாங்கம் விழுந்தது எங்கள் மனைவிமாரைக் காக்கவைத்ததற்காக அல்ல. பாராளுமன்றத்தில் உண்மையைச் சொல்லாததற்காக. இந்த நாட்டில் பொய் சொன்னால் அது பாவம், காக்கவைத்தால் அது நிர்வாகம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

என் மனைவி வசந்தியும் மகள் தர்சினியும் பிந்தியென்றாலும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அதனால் ஜென்ஸின் பகிடிக்கு என்னால் சிரிக்க முடிந்தது. பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் சூசை கோப்பிக்கு வரவில்லை. நான் போய் அவனுடைய காதுக்கவசத்தைத் தூக்கிச் செய்தியைச் சொன்னேன்.

"அப்பிடியே?" என்றான். ஓடிக்கொண்டிருந்த துணியை நிறுத்தினான். பிறகு, "அண்ணை, பின்னேரம் கோயில் சுவாமியம்மாவிட்ட ஒருக்காப் போவமோ? மணி விசயமாக் கேக்கவேணும்" என்றான்.

மணி விசயம் என்றால் அவனுடைய மனைவி றீற்றாவின் விசயம். அவள் வரவில்லை. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

2

எண்பத்தாறில் வந்த நாங்கள் ஆறு பேர் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஒன்றாக இருந்தோம். ஐந்து பேர் யாழ்ப்பாணத்துச் சைவர். சூசை ஒருவன் மட்டும் மன்னார்க் கத்தோலிக்கன். ஊரில் நான் இ.போ.ச. பஸ்ஸில் கொண்டக்டர், அவன் மீன்பிடி றோலர் இயந்திரம் திருத்துகிறவன். ஆறு பேருக்கும் ஊரில் மனைவி இருந்தார்கள், ஆறு பேரும் விண்ணப்பித்திருந்தோம். ஆனாலும் எங்கள் எல்லாரையும்விட சூசைக்குத்தான் அவசரம். றீற்றாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருதய வருத்தம். ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று யாழ்ப்பாண டொக்டர் சொன்ன கையோடு சண்டை தொடங்கிவிட்டது. இங்கே அதே ஒப்பரேசனைக் காசில்லாமல் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சூசைக்கு நித்திரை இல்லை. அவள் வந்தால் பிழைப்பாள். அவன் மனதில் வேறு கணக்கு எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை தோறும் கோப்பி நேரத்தில் ஜென்ஸின் அறைக்குப் போய், கோபன்ஹேகனில் உள்ள குடிவரவுக் கந்தோருக்கு ரெலிபோன் எடுப்பான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குரல் ஒரே வசனத்தைச் சொல்லும்: "சேயன் எர் ஒன்னர் பிஹேன்லிங்." விடயம் பரிசீலனையில் இருக்கிறது. சூசை முழுதாகப் பாடமாக்கிய முதல் டேனிஷ் வசனம் அது. "தக்" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டு வருவான்.

"என்னவாம்?" என்று நான் கேட்பேன்.

"பரிசீலிக்கினமாம் அண்ணை. நல்ல வடிவாப் பாக்கினம் போல. அதுதான் சுணங்குது."

அப்போது நாங்களும் அப்படித்தான் நம்பினோம். வெள்ளைக்காரன் ஒன்றைப் பரிசீலிக்கிறான் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படிக்கிறான் என்றுதான் எங்கள் எண்ணம். கட்டுப் பிரிக்காமலே வைத்துக்கொண்டும் பரிசீலிக்கலாம் என்பது எங்கள் அறிவுக்கு எட்டவில்லை.

3

அந்த நேரத்தில் ஹேர்னிங்கில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் குழந்தை பிறந்தது. தகப்பன் கழுத்தில் உருத்திராட்சம் போட்டிருக்கும் ஆள். பிறப்பைப் பதிய எங்கே போகவேண்டும் என்று விசாரித்தபோது, தேவாலயத்துக்குப் போ என்று சொல்லியிருக்கிறார்கள். பகிடி விடுகிறார்கள் என்று நினைத்துக் கொம்யூன் என்கிற நகரசபைக்குப் போனாராம். அவர்களும் தேவாலயத்துக்கே அனுப்பினார்கள். இந்த நாட்டில் பெரும்பாலான இடங்களில் பிறப்பையும் இறப்பையும் பதிகிறது தேவாலயத்தின் பங்குக் கந்தோர்தான். இந்துவோ முஸ்லிமோ கடவுளே இல்லை என்பவனோ, பிறந்தால் புரட்டஸ்தாந்து லூதரன் பங்கின் பதிவேட்டில்தான் பிறக்கவேண்டும். முருகனின் பேரைப் பிள்ளைக்கு வைத்த அந்த மனிதர், அதைத் தேவாலயத்து மேசையில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்.

சூசை இதைக் கேட்டதும் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணை, விளங்குதே? நாங்கள் பிழையான கதவில எல்லோ தட்டிக்கொண்டு நிக்கிறம். இஞ்ச அரசாங்கக் கச்சேரியே சுவாமியாரிட்ட இருக்கு."

"அது பிறப்புப் பதிவு மட்டுமடா."

"பிறப்பைப் பதியிறவருக்குப் பெண்சாதியைக் கூப்பிட ஏலாதோ? எங்கட ஊரில சுவாமியார் ஒரு துண்டு குடுத்தா ஆமிக் காம்பில இருந்தே ஆளை விடுவாங்கள். இது முழு நாடுமே கோயில் நாடு. கொடியைப் பாத்தனீங்களே? சிலுவை!"

அவன் சொன்னது உண்மைதான். இங்கே எங்கு பார்த்தாலும் சிலுவைக் கொடி. பிறந்தநாள் கேக்கில் குத்துகிறார்கள், கிறிஸ்மஸ் மரத்தில் மாலையாகக் கட்டுகிறார்கள். கடையில் இறைச்சி மலிவு என்றால் அதற்கு மேலும் ஒரு கொடி. ஒரு போரில் தோற்கப்போகும் நேரம் பார்த்து அது வானத்திலிருந்து விழுந்ததாம். டேனிஷ் வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். லூதரன் திருச்சபைதான் மக்களின் திருச்சபை, அரசு அதைத் தாங்கும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பாராளுமன்றம் ஒவ்வொரு வருடமும் பூசையோடுதான் தொடங்குகிறது. அமைச்சர்கள் வரிசையாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் நாட்டைப் பார்க்கப் போகிறார்கள். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், எங்களைப் போன்ற யாரும் வரக்கூடிய முடிவுக்கே நாங்களும் வந்தோம். சுவாமியாரைப் பிடித்தால் காரியம் ஆகும்.

அடுத்த ஞாயிறு ஆறு பேரும் குளித்து, கழுத்துப்பட்டி கட்டி, தேவாலயத்துக்குப் போனோம்.

4

சுவாமியார் ஒரு பெண். பேர் கிர்ஸ்டன். நாற்பது வயதிருக்கும். கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி இடியப்பத் தட்டு மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளைப் பட்டி. பூசைக்கு முன் தேவாலயத்துக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சூசை அப்படியே வீட்டுக்குத் திரும்பப் பார்த்தான்.

"அண்ணை, இது சரிவராது. மாதா சுருவம் இல்லை, பாவசங்கீர்த்தனக் கூடு இல்லை, சுவாமியாருக்குப் புருசனும் பிள்ளையளும் இருக்காம்."

"உனக்குச் சுவாமியார் வேணுமோ, றீற்றா வேணுமோ?"

அவன் திரும்பி வந்தான். எங்கள் ஐந்து பேருக்கு இந்தச் சங்கடமே இல்லை. கிர்ஸ்டனுக்குச் 'சுவாமியம்மா' என்று பேர் வைத்துவிட்டு உள்ளே போனோம்.

உள்ளே ஏழெட்டுக் கிழவிகள், எல்லாரும் கடைசி வாங்குப் பலகைகளில். முன்னால் முழுக்க வெறுமை. நான் இத்தனை வருடம் பஸ்ஸில் தொண்டை கிழிய "முன்னுக்குப் போங்கோ" என்று கத்திய ஆள். முன்வாங்கு காலியாக இருக்க என்னால் பின்னால் நிற்க முடியாது. எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய் முதல் வாங்கில் இருத்தினேன். கிர்ஸ்டன் பீடத்திலிருந்து திரும்பியவர் எங்களைக் கண்டு ஒரு நொடி வாசகத்தைத் தவறவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. எழும்பும்போது எழும்பினோம், பாடும்போது பாடினோம். டேனிஷ் உச்சரிப்பு எனக்குப் படிந்ததே அந்தப் பாட்டுகளால்தான். நற்கருணை கொடுக்க அழைத்தபோது சைவர் ஐந்து பேரும் எழும்பிப் போய் முழந்தாளிட்டோம். பிரசாதம் என்றால் கையை நீட்டுவது எங்கள் பிறவிப் பழக்கம். எங்களுக்குள் இருந்த ஒரே கிறிஸ்தவன் வாங்கிலேயே இருந்துவிட்டான். இது தன்னுடைய சபை இல்லை, வாங்கினால் பாவம் என்றான். வாங்கிய எங்களையும் வீட்டுக்கு வந்து ஏசினான்.

கிர்ஸ்டன் எங்களைப் பற்றி என்ன நினைத்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆசியாவிலிருந்து வந்த ஆழ்ந்த விசுவாசிகள் என்று தன் மேலதிகாரியான மேற்றிராணியாருக்கே சொல்லியிருக்கிறார். பூசைக்குப் பிறகு கோப்பி கொடுக்கும்போது எங்கள் கோப்பைகளைத் தானே நிரப்புவார். நாங்கள் அவரை அரசாங்கம் என்று நினைத்திருந்தோம், அவர் எங்களைத் திருச்சபை என்று நினைத்திருந்தார். இரண்டு பக்கமும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் கோப்பி நேரத்தில் சூசை துணிந்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, றீற்றாவின் கதையைச் சொன்னான். சுவாமியம்மா மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டான். கிர்ஸ்டனின் முகம் மெல்ல மாறியது. நாங்கள் ஏன் வருகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு வெளித்தது.

"நான் ஒரு அரசாங்க ஊழியர், அவ்வளவுதான்" என்றார். "எனக்கும் ஒரு அமைச்சு இருக்கிறது. சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது."

எங்கள் எதிர்பார்ப்பை மெதுவாகக் குறைக்கப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். வெளியே வந்ததும் சூசை என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நான் சொன்னன் எல்லோ அண்ணை! அவவே ஒத்துக்கொண்டிட்டா!"

ஆனால் கிர்ஸ்டன் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே அமைச்சுக்கு எழுதினார், ரெலிபோன் எடுத்தார். அடுத்த ஞாயிறு எங்களிடம் வந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, தனக்குக் கிடைத்த பதிலைச் சொன்னார். விடயம் பரிசீலனையில் இருக்கிறது.

5

ஜென்ஸைப் பற்றி ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் மேற்பார்வையாளராகிய அவர்தான் பங்குச் சபைக்கும் தலைவர். தேர்தலில் தெரிவானவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தேவாலயத்தில் கண்டதே இல்லை.

"உனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா ஜென்ஸ்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சே, இல்லை."

"அப்போ ஏன் தலைவர்?"

"கூரை ஒழுகுகிறது. யாராவது பார்க்கவேண்டாமா?"

"அப்போ நீ கிறிஸ்தவன் இல்லை."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் டேன்காரன். நிச்சயமாகக் கிறிஸ்தவன்" என்றார். ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார், திருச்சபை வரி கட்டுகிறார், இடுகாட்டில் இடமும் பார்த்து வைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கேள்வி. எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகாதவன் நாத்திகன். இங்கே தேவாலயத்துக்கு அடிக்கடி போகிறவனைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

இதற்கான மூலக் காரணத்தைக் கிர்ஸ்டன் எங்களை யெலிங் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டுபோனபோது கண்டுகொண்டோம். அங்கே ஆயிரம் வருடத்துக்கு முந்திய பெரிய கல் ஒன்று நிற்கிறது. டென்மார்க்கின் ஞானஸ்நானச் சான்றிதழ் இதுதான் என்று பெருமையாகச் சொன்னார். அன்றைய அரசன் அதில் கிறிஸ்துவின் உருவத்தைச் செதுக்கி, டேன்காரரை நான் கிறிஸ்தவராக்கினேன் என்று எழுதி வைத்திருக்கிறான். நான் சூசைக்கு விளங்கப்படுத்தினேன். அவன் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தான்.

"தான் ஆக்கினன் எண்டு ராசா எழுதியிருக்கிறார். சரி. தாங்கள் ஆனம் எண்டு சனம் எங்கயும் எழுதியிருக்கோ?"

நான் இதை மொழிபெயர்த்தபோது கிர்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பஸ் வரும்வரைக்கும் சிகரெட் பிடித்தார்.

அந்தக் கிறிஸ்மஸ் முன்னிரவு வழக்கம்போல ஆறு பேரும் போனோம். வருடம் முழுவதும் எங்கள் முதல் வாங்கு எங்களுக்காகக் காத்திருந்ததால் நேரத்தோடு போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போய்ப் பார்த்தால் ஊரே உள்ளே இருந்தது. ஜென்ஸ் குடும்பத்தோடு எங்கள் வாங்கில் இருந்தார். தொழிற்சாலையில் பாதிப் பேர் இருந்தார்கள். மாடியிலும் படியிலும் ஆட்கள். வாசலில் நின்ற ஒரு மனிதர், எங்களைப் புதிதாக வந்தவர்கள் என்று நினைத்து, "மன்னிக்கவேண்டும், இடமில்லை" என்றார். கதவை மூடிவிடாமல் பாதி திறந்து வைத்தார், அது அவருடைய நல்ல மனசு. குளிரில் நின்றபடி உள்ளே நடப்பதைக் கேட்டோம். சத்திரத்தில் இடமில்லாமல்போன அந்தப் பழைய கதையைக் கிர்ஸ்டன் வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்து நிமிர்ந்தவர் வாசலில் எங்களைக் கண்டார்.

சூசை என் காதில், "அண்ணை, கிறிஸ்தவ நாடுதான். சந்தேகமில்லை" என்றான்.

6

றீற்றா இறந்தது அதற்குப் பிறகு வந்த மாரிகாலத்தில். மன்னார் ஆசுபத்திரியில் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. தகவல் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது.

சூசை பெரிதாக அழவில்லை. அவனுடைய மைத்துனன் கொழும்பிலிருந்து ரெலிபோனில் சொன்ன ஒரு விசயம் மட்டும் அவனை விடவில்லை. ஊரடங்கு, கோயிலுக்குப் பக்கத்தில் ஆமிக் காம்ப், அதனால் மணி அடிக்க விடவில்லை. மன்னாரில் சூசையின் ஊரில் ஒருவர் இறந்தால் கோயில் மணி அடிக்கும். ஒன்று அடித்து, அந்தச் சத்தம் முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்தது. வலை இழுக்கிறவன் நிறுத்துவான், உலை வைத்தவள் வெளியே வருவாள், ஊர் முழுக்க ஒரு செபம் சொல்லும். மணி அடித்தால்தான் அங்கே ஒருவர் இறந்ததாகக் கணக்கு.

"நாயைப் புதைக்கிறமாதிரிப் புதைச்சுப்போட்டாங்கள் அண்ணை" என்றான். அதைச் சொல்லும்போதுதான் அழுதான்.

நானும் அவனும் பங்குக் கந்தோருக்குப் போனோம். தேவாலயத்து மணியை றீற்றாவுக்காக ஒருமுறை அடிக்கவேண்டும் என்று கேட்டோம். கிர்ஸ்டன் உடனே ஓம் என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் எழும்பி வந்து சூசையின் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் ஓம் என்று சொல்லவில்லை. மணி எப்போது, எவ்வளவு நேரம், யாருக்கு அடிக்கலாம் என்பதற்கு ஒரு விதிமுறை இருக்கிறதாம். பங்கில் வசித்தவர்களுக்கும் இங்கே அடக்கம் செய்யப்படுகிறவர்களுக்கும்தான். பங்குச் சபையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

கேட்டார். ஜென்ஸ் கெட்ட மனிதர் அல்ல, சூசைக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தவர். ஆனால் சபையில், இறந்தவர் இந்தப் பங்கில் வசித்தவர் அல்ல, ஒருமுறை விட்டால் பிறகு கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். முடிவு எடுக்காமல் தள்ளிவைத்தார்கள். அவள் ஏன் இந்தப் பங்கில் வசிக்கவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் விண்ணப்பங்கள் எல்லாம் மளமளவென்று நகர்ந்தன. ஐந்து பேருக்கும் அனுமதி வந்தது. றீற்றாவுக்கும் வந்தது. அந்த அளவில் யாரையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

வசந்தி வந்த முதல் ஞாயிறு, நான் சவரம் செய்துகொண்டே லூதரன் பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டு, "என்னப்பா, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டியளோ?" என்று பயந்துபோய்க் கேட்டாள். உனக்காகத்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. இப்போது தர்சினி பள்ளிக்கூடத்தில் அதே பாட்டை என்னைவிடச் சுத்தமாகப் பாடுகிறாள். தேவாரம் சொல்லச் சொன்னால் வெட்கப்பட்டு, டேனிஷில் பதில் சொல்லிவிட்டு ஓடுகிறாள். மனைவிமார் வந்த பிறகு மற்ற நாலு பேரும் தேவாலயத்துப் பக்கம் போகவில்லை, நானும் நிறுத்திவிட்டேன். காரியம் முடிந்துவிட்டது, என்ன செய்ய? சூசை மட்டும் தொடர்ந்து போனான். அந்த முதல் வாங்கில் தனியாக இருப்பான். நற்கருணைக்கு அழைக்கும்போது எழும்ப மாட்டான்.

7

அரசாங்கம் விழுந்த அன்று பின்னேரம் வேலை உடுப்போடேயே பங்குக் கந்தோருக்குப் போனோம். கிர்ஸ்டனின் மேசையிலும் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் நிறுத்தினார்.

சூசை தொப்பியைக் கழற்றினான். "அண்ணை, நான் முந்திக் கேட்டது என்ன மாதிரியெண்டு கேளுங்கோ" என்றான்.

நான் கேட்டேன். கிர்ஸ்டன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். மணிக்கூண்டின் கீழே சுவரில் ஒரு பொத்தான் இருந்தது. அமத்தினால் மணி தானாக அடிக்கும். சூசை அதைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான்.

"இது கெதியா அடிக்கும். இடைவெளி வேணும்."

பழைய கயிறு இன்னும் மேலே கட்டித்தான் இருந்தது. கிர்ஸ்டன் அதை அவிழ்த்துக் கீழே விட்டார். சூசை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். ஒன்று. சத்தம் வயல்வெளிக்கு மேலால் போய் அடங்கும்வரை நின்றான். பிறகு அடுத்தது. எவ்வளவு நேரம் அடித்தான் என்று நான் பார்க்கவில்லை. கிர்ஸ்டன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் திருநீறு பூசுகிற ஆள், எனக்கு என்ன செபம் சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்த லூதரன் பாட்டு ஒன்றை மனதுக்குள் சொன்னேன். கிழமை நாளில் என்ன மணி என்று தர்சினி வீட்டில் கேட்டாளாம். வசந்தி அடுப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றாளாம்.

அடித்து முடித்துக் கந்தோருக்குத் திரும்பிய சற்று நேரத்தில் ஜென்ஸ் வந்தார். முகம் சிவந்திருந்தது. அவருடைய ரெலிபோன் ஓயவில்லையாம். பதவி விலகிய பிரதமரின் கட்சிக்காரர்கள், அரசாங்கம் விழுந்ததற்குத் தேவாலயம் மணி அடித்துக் கொண்டாடுகிறதா என்று கத்துகிறார்களாம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எடுத்துப் பாராட்டினாராம். இரண்டாவதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

"தேவாலயம் அரசியல் செய்யக்கூடாது கிர்ஸ்டன்! யார் மணி அடித்தது? எதற்காக?"

"பங்கில் ஒரு மரணம்" என்றார் கிர்ஸ்டன்.

"யார்?"

"றீற்றா. சூசையின் மனைவி."

ஜென்ஸ் அப்போதுதான் சுவரோரமாக நின்ற எங்களைக் கண்டார். குரல் இறங்கிவிட்டது. "அது... அது எத்தனை வருடத்துக்கு முதல்? அதற்கு ஏன் இன்றைக்கு?"

கிர்ஸ்டன் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். ஒரு கந்தோர்க்காரியின் குரலில், மரியாதையாக, அவசரமே இல்லாமல் சொன்னார்.

"விடயம் பரிசீலனையில் இருந்தது."

ஜென்ஸ் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

சூசையின் டேனிஷ் இன்னும் அரைகுறைதான். சுவாமியம்மா சொன்னதை மொழிபெயர்க்க நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"வேண்டாம் அண்ணை" என்றான். "இந்த வசனம் எனக்குப் பாடம்."